சூடாகாத துணிப்பெட்டியும் இரண்டு மேதைகளும்

நாளைக் காலை கோயிலில் எங்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம். பாளையங்கோட்டையில் மழை விட்டபாடில்லை. குழந்தையின் வெள்ளை அங்கி இன்னும் சொட்டச் சொட்ட ஈரம்.

துணி உலர்த்துவதற்கென்று என் கணவர் தாமே படம் வரைந்து கொடுத்துச் செய்வித்த தகரப்பெட்டி ஒன்று உண்டு. அடித்தட்டில் கரியை மூட்டி, மேலே துணியைத் தொங்கவிட வேண்டும். இன்று அது சூடாகவே இல்லை.

பக்கத்து வீட்டு வாத்தியாரை இவர் அழைத்து வந்தார்.

“கரியில ஈரம் இருக்கு அண்ணாச்சி,” என்று சொல்லிப் பெட்டியைத் தட்டினார் என் கணவர்.

“இல்ல வே, தகரம் சரியில்ல,” என்றார் வாத்தியார்.

நான் கேட்டேன்: “புகை படியுதுன்னு போன வாரம் அடித்தட்டு ஓட்டையெல்லாம் நீங்கதான களிமண்ண வச்சு அடைச்சிய? காத்து இல்லாம கரி எப்படிக் கனலும்?”

“நீ போயி காப்பி போடு,” என்றார் கணவர்.

போட்டேன். இருவரும் முன்னறையில் குடித்துக்கொண்டிருந்தபோது, ஓர் ஆணியை எடுத்துக் களிமண்ணையெல்லாம் குத்திவிட்டேன். கரி செக்கச்செவேலென்று பிடித்துக்கொண்டது.

திரும்பி வந்தவர் பெட்டியைத் தொட்டுவிட்டு விரலை உதறினார்.

“பாத்தியளா அண்ணாச்சி, நான் தட்டுனதுல சரியாயிட்டு!”

வாத்தியாரும் தலையாட்டினார்.

அங்கி காய்ந்துவிட்டது. இவர் இப்போது நன்றாக ஓடும் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றப் பார்க்கிறார். உங்கள் வீட்டில் ரிப்பேர் வேலை ஏதாவது இருந்தால் உடனே சொல்லுங்கள், ஆளை அனுப்பி வைக்கிறேன். திருப்பி அனுப்ப அவசரப்பட வேண்டாம்.