அண்ணியின் தோட்டத்துக்கு மேல் ஊற்றிய சீமெந்து

ஈரச் சீமெந்தின் மணம் வந்தால் இன்றைக்கும் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போவேன். எழுபதுகளின் நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமைப் பின்னேரம், சிட்னியின் லிட்கம்மில் அண்ணாவின் வீட்டுப் பக்கக் கேற்றைத் திறந்தபோது அந்த மணம்தான் முதலில் வந்தது. எனக்கு முன்னால் அண்ணி நின்றார். காலையில் நாங்கள் புறப்பட்டபோது பாவற்கொடியும் மிளகாய்ச் செடிகளும் கீரைப் பாத்தியும் இருந்த பின்வளவு, வேலியிலிருந்து வேலிவரை சாம்பல் நிறமாய், மட்டப் பலகையால் இழுத்த கோடுகளோடு கிடந்தது. வெட்டிய கொடிகளை யாரோ குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் குவித்திருந்தார்கள்.

அண்ணி யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்தவர். பிறந்த வீட்டில் சமையலுக்கு ஆள் இருந்தது. கலியாணம் செய்து சிட்னிக்கு வரும்வரை ஒரு முட்டை பொரித்ததில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இங்கே அவருடைய படிப்பை ஒருவரும் மதிக்கவில்லை. பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலைதான் கிடைத்தது. அந்தக் காலத்தில் அண்ணாவின் தங்கச்சியான நான் தட்டெழுத்தாளராக வேலை செய்துகொண்டு அவர்களோடுதான் இருந்தேன். "எனக்கு நானே சோதினை வைக்கப் போறன்" என்று ஒருநாள் அண்ணி சொன்னார். மறுநாள் ஒரு கொப்பி வாங்கி வந்தார். ஆய்வுகூடத்தில் பிள்ளைகளை எழுதவைத்த மாதிரியே எழுதினார்: செய்தது, நடந்தது, காரணம். தோசை மா குளிரில் பொங்காமல் நான்கு முறை கெட்டது. ஐந்தாம் முறை சுடுதண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் கம்பளியால் சுற்றி வைத்தார், பொங்கி வழிந்தது. வெறும் பால்மாத் தகரத்தில் ஆணியால் துளையிட்டுப் புட்டு அவித்தார். முதல் புட்டு கல்லாய் வந்தது. அதையும் எழுதிவிட்டுத்தான் கொட்டினார்.

தோட்டமும் அப்படித்தான் தொடங்கியது. சந்தையில் மரக்கறி விற்ற சீனக் கிழவரிடம் பழுத்த பாவற்காய் ஒன்றைக் கேட்டு வாங்கி, விதை எடுத்தார். முதல் வருடம் எல்லாம் பூவோடு நின்றுவிட்டது. அடுத்த வருடம் காலையில் வேலைக்குப் போகுமுன் ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவில் தடவினார். மீன் கழுவிய தண்ணீர், முட்டைக் கோது, தேயிலைச் சக்கை என்று எல்லாம் அந்த மண்ணுக்குத்தான் போயின. கொடி உடுப்புக் காயப்போடும் கம்பியில் ஏறிப் படர்ந்தது. விரல் அளவில் பிஞ்சுகள் தொங்கின. இன்னும் ஒரு கிழமையில் பிடுங்கிச் சமைக்கலாம் என்று என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாகத் தான் நட்டதைத் தானே சமைக்கப்போகிற சந்தோசம் அந்த முகத்தில் இருந்தது.

அண்ணாவுக்கு அது வெட்கமாக இருந்தது. அவருடைய மேலதிகாரியும் அலுவலகத்து ஆட்களும் அடுத்த சனிக்கிழமை விருந்துக்கு வர இருந்தார்கள். "அவங்கள் வந்து பாத்தா என்ன நினைப்பாங்கள்? காட்டுக்குள்ள இருக்கிறம் எண்டெல்லோ நினைப்பாங்கள்" என்றார். இதை அண்ணியிடம் அல்ல, என்னிடம் சொன்னார். "வளவுக்குச் சீமெந்து போட ஆக்கள் வருவினம், நீ அவளை அண்டைக்கு எங்கயாவது கூட்டிக்கொண்டு போ. பின்னேரம் வந்தாப் போதும்." நான் மறுக்கவில்லை. அண்ணாவின் வீட்டில் இருந்தேன், அண்ணாவின் சோற்றைச் சாப்பிட்டேன் என்பதெல்லாம் பிறகு நானே எனக்குச் சொல்லிக்கொண்ட சாட்டுகள். அண்ணி நெடுநாளாகப் பார்க்க ஆசைப்பட்ட நகரத்துத் தாவரப் பூங்காவுக்கு அவரை ரயிலில் கூட்டிப்போனேன். நாள் முழுக்க ஒவ்வொரு செடியின் பெயர்ப்பலகையையும் குனிந்து வாசித்துக் கொப்பியில் குறித்தார். திரும்பும் வழியில், "உம்மாலதான் இதெல்லாம் பாத்தன்" என்று என் கையைப் பிடித்தார். அந்த நேரம் அங்கே அவருடைய வளவில் சீமெந்து இறுகிக்கொண்டிருந்தது.

அண்ணி கேற்றைப் பிடித்தபடி சீமெந்தைப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, "உமக்கும் தெரியுமோ?" என்று மட்டும் கேட்டார். நான் தலை குனிந்தேன். அவர் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த குவியலின் முன் முழந்தாளிட்டு, வாடிய கொடிகளுக்குள் கைவிட்டு ஒவ்வொரு பிஞ்சாகப் பிடுங்கினார். குசினிக்குள் போய்த் தேங்காய்ப்பூவைச் சுடுதண்ணீரில் பிழிந்து, பால்கறி வைத்தார். அண்ணா கதிரையை இழுத்துப்போட்டு மேசையில் வந்து இருந்தார். "உங்களுக்குப் பாண் இருக்கு" என்று வெட்டிய பாண் துண்டுகளை அவர் முன்னால் தள்ளிவிட்டு, கறி முழுவதையும் தன்னுடைய சாப்பாட்டுக் கோப்பையில் போட்டார். எனக்கும் தரவில்லை. அவசரப்படாமல், ஆறுதலாக, கடைசிப் பிஞ்சுவரை சாப்பிட்டார். சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனார். அந்த வீட்டில் அவர் பிறகு ஒரு விதையும் ஊன்றவில்லை.

அண்ணி போன வருடம் இறந்துபோனார். முப்பத்தோராம் நாள் சடங்கு சிட்னியின் பென்டில் ஹில்லில் அண்ணா அண்ணியின் மகள் வீட்டில் நடந்தது. பக்கத்துக் கடைகளில் இப்போது பாவற்காய் குவியலாகக் கிடக்கிறது, யாரும் முகம் சுளிப்பதில்லை. அன்று கொடுத்த நினைவு மலரில், 'கணவரின் தோட்ட முயற்சிகளுக்கு உறுதுணையாக நின்றவர்' என்று அச்சடித்திருந்தார்கள். அதை வாசித்துவிட்டு மலரை இரண்டாய் மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணா இளம் ஆட்களைச் சுற்றி இருத்திக்கொண்டு கதைத்தார். "லிட்கம்மில முதல் முதல் பாவற்கொடி போட்டது நாங்கள்தான்."

"இல்லை அண்ணா. கொடி போட்டது அண்ணி. அதுக்கு மேல சீமெந்து போட்டது நீங்கள். அவவை ஏமாத்திக் கூட்டிக்கொண்டு போனது நான்" என்றேன். அண்ணா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது அந்தக் காலம். எல்லாரும் அப்பிடித்தான்" என்றார். எல்லாரும் அப்படி இல்லை. அந்தத் தெருவில் கிரேக்கர் தக்காளி நட்டார், இத்தாலியர் திராட்சைப் பந்தல் போட்டார். அவர்கள் வீட்டுக்கும் மேலதிகாரிகள் வந்திருப்பார்கள்.

"உண்மையோ மாமி? அம்மா எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே" என்றாள் மகள். அண்ணா எழுந்து உள்ளே போகப் பார்த்தார். "இருங்கோ" என்றேன். என் வாழ்நாளில் அவருக்கு நான் சொன்ன முதல் கட்டளை அதுதான். அவர் திரும்பவும் கதிரையில் இருந்தார். நான் அவளுக்குத் தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன், அவருக்கும் கேட்கும்படியாக.