கோலமாவில் ஒரு வீடு

காய்ந்த கோரைப்புல்லை மிதித்தால் எழும் வாசனையும், தூக்குச்சட்டியைத் திறந்ததும் வரும் எலுமிச்சை சாதத்தின் வாசனையும் எனக்கு இன்றும் சேர்ந்தேதான் நினைவுக்கு வருகின்றன. தியாகராய நகரில் ஒரு "போர்ஷனில்" குடியிருந்த நாங்கள், ஞாயிறுதோறும் பேருந்து ஏறி மடிப்பாக்கத்துக்குப் போய், தவணையில் வாங்கிப் போட்டிருந்த வெற்று மனையைப் பார்த்துவிட்டு வருவோம். மனை வாங்கிய குடும்பங்கள் அந்நாளில் இப்படித்தான் செய்தன. பார்க்காமல் விட்டால் வேறு யாராவது "வளைச்சுடுவான்" என்பது பெரியவர்களின் பயம்.

அம்மாவுக்குப் பார்ப்பது மட்டும் போதவில்லை. வீட்டுச் சொந்தக்காரர் குழாயைப் பூட்டுவதற்குள் தண்ணீர் பிடித்தே வாழ்ந்தவள் அவள். ஒரு டப்பா கோலமாவோடு வந்து, புல்லைச் செதுக்கி, கூடம், சமையலறை, பூசை அறை என்று வெள்ளைக் கோடுகளில் வீட்டை வரைந்துவிடுவாள். நானும் தங்கையும் வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். வாரம் முழுக்கத் துணிக்கடையில் நின்று வேலை பார்த்த அப்பா, அசதியில் நேரே கூடத்துக்குள் நடந்தால், "சுவத்துக்குள்ள பூந்து வர்றீங்களே" என்பாள். அவர் திரும்பிப் போய் வாசல் வழியாக வருவார்.

ஒரு தை மாத ஞாயிறு, நாங்கள் சமையலறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஸ்கூட்டரில் ஒரு தம்பதி வந்து இறங்கி, செருப்போடு பூசை அறைக்குள் நடந்து வந்தார்கள். வடபழனிக்காரர்கள், அவர் சினிமா லைட்மேன், மனைவி பெயர் சரோஜா.

"இன்னாக்கா, நம்ம மனையில பந்தி போட்டுக்கினு கீறீங்க?" என்றாள் சரோஜா.

மனை எண் எழுதிய கல்லில் பெயிண்ட் போயிருந்தது. அப்பா சாலைப் பக்கத்திலிருந்து எண்ணியிருக்கிறார். எண்ண வேண்டியது மறுமுனையிலிருந்து. மனை வரிசையின் நடுவில் இருந்ததால் தவறு ஒரு மனையளவோடு நின்றது. எங்களுடையது அடுத்தது: பள்ளம், முழங்கால் தண்ணீர், அதில் குஞ்சுகளோடு நீந்தும் ஒரு நீர்க்கோழி.

அம்மா அந்தக் குட்டையைப் பார்த்தாள். தண்ணீரில் எந்தக் கோடும் நிற்காது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. சரோஜா கோடுகளைச் சுற்றி வந்து, அடுப்பு எங்கே என்று கேட்டாள். அம்மா கை காட்டினாள்.

"இங்கேர்ந்தே வாசல் தெரியுது, நல்லா கீதுக்கா. நாங்க இப்டியே கட்டிக்கிறோம். நீங்க மண்ணு கொட்டி மேடாக்கிட்டு, இதையே திருப்பிப் போட்டுக் கட்டுங்க. சமையக்கட்டு ஜன்னல்ல நின்னே பேசிக்கலாம்."

அம்மா சிரித்துவிட்டாள். எலுமிச்சை சாதம் ஆறு பங்கானது. சில வருடங்களில், லாரி லாரியாகச் செம்மண் கொட்டியபின், சரோஜா சொன்னபடியே எங்கள் வீடும் எழுந்தது.

அந்த வீட்டில்தான் அம்மா இன்றும் இருக்கிறாள். போன வாரம் மொட்டை மாடியில் நின்று பார்த்தேன். தெற்கே கண்ணுக்கெட்டியவரை தண்ணீர்த் தொட்டிகள், அவற்றுக்கு அப்பால் பாதி எழுந்த அடுக்குமாடிகள். அன்று எங்கள் பேருந்து வேகமெடுத்துக் கடந்த வெட்டவெளி இன்று இல்லை. பறவை இறங்க ஒரு மனையளவு தண்ணீர்கூடக் கண்ணில் படவில்லை. கீழே வந்து, சரோஜா அக்காவோடு ஜன்னல் வழியே பேசிக்கொண்டிருந்த அம்மாவிடம், அந்தக் குட்டை சரியாக எந்த இடத்தில் இருந்தது என்று கேட்டேன்.

அம்மா பேச்சை நிறுத்தாமலே, காலால் சமையலறைத் தரையைத் தட்டிக் காட்டினாள்.