ஒரு கிளி குறைகிறது

“எண்ணுங்க சார்” என்று சொல்லிக்கொண்டே என் முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையை இறுக்குகிறார். நான் எண்ண ஆரம்பிக்கிறேன். அவர் சட்டையின் இடது தோளில் மூன்று கிளிகள். அங்கிருந்து முழங்கை வரை ஐந்து. ஒன்று தலைகீழாகத் தொங்குகிறது, அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சட்டைப் பை வரை வருவதற்குள், “ஆச்சு, பஞ்சை அழுத்திப் பிடிங்க” என்கிறார். ஊசி எப்போது உள்ளே போனது, எப்போது வெளியே வந்தது என்று எனக்குத் தெரியாது.

“எத்தனை?”

“இருபத்து மூணு.”

“ஒண்ணு விட்டுட்டீங்க” என்றபடி குழாயில் என் பெயரை ஒட்டுகிறார். பதினொரு வருஷமாக, மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அவர் எந்தச் சட்டையில் வந்தாலும் நான் ஒன்றை விட்டுவிடுகிறேன். சர்க்கரை நோயை விட எனக்கு இதுதான் பெரிய குறை.

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பது அவர் வேலை. வயது ஐம்பத்திரண்டு. சுவர், தரை, நாற்காலி எல்லாமே வெள்ளையாக இருக்கும் அந்த அறையில் நிறம் என்று சொல்ல, குழாய்களின் மூடிகளை விட்டால் அவர் மட்டும்தான். ஒரு நாள் சட்டை முழுக்கத் தர்பூசணிக் கீற்றுகள். ஒரு நாள் உள்ளங்கை அகலத்துக்கு எலுமிச்சம்பழங்கள். வரிசையில் காத்திருப்பவர்கள், வெளியே வருபவரிடம் வலித்ததா என்று கேட்பதில்லை, “இன்னைக்கு என்ன?” என்று கேட்பார்கள். “மீன்” என்று பதில் வரும். இத்தனை இருந்தும் அவருக்கு நிலைத்த பெயர் கிளியக்கா. இருக்கிற சட்டைகளில் அதுதான் மூத்தது, அவருக்குச் செல்லமானதும் அதுதான்.

பொடிப்பூ போட்ட துணி அவருக்கு ஆகாது. “தூரத்துல பார்த்தா கறை பட்ட மாதிரி இருக்கும். போடறதுன்னு ஆயிடுச்சு, எதிர்வீட்டுக்காரங்களுக்கும் தெரியட்டுமே” என்பார். வாரத்தில் ஒரு நாள் பழைய துணிக்கடைக்குப் போய்க் குவியலுக்குள் தோள் வரை கையை விட்டுத் துழாவுவார். நரம்பு தேடுவதும் நல்ல துணி தேடுவதும் ஒரே வேலைதானாம். கண்ணை விடக் கைக்குத்தான் முதலில் தெரியுமாம். பழைய பத்திரிகைகளில் வந்த ஆடைப் படங்களைக் கத்தரித்து ஒட்டிய நோட்டு ஒன்று மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கழுத்து வெட்டு எதையாவது காட்டி, “இதைப் போட்டுட்டு யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருப்பா இவ?” என்று கவலைப்படுவார்.

பெரிய கடைகளையும் விடுவதில்லை. பெயர்பெற்ற வடிவமைப்பாளர்களின் உடைகள் தொங்கும் கண்ணாடிக் கடைக்குள் தைரியமாக நுழைவார். உடையை உட்புறமாகத் திருப்பி, மூக்கு படுகிற தூரத்தில் வைத்துக்கொண்டு தையலைப் படிப்பார். கடைப்பெண் ஓடி வந்து, “என்ன சைஸ் வேணும் மேடம்?” என்று கேட்டால், “சைஸ் வேண்டாம்மா, தையல் போதும்” என்று சொல்லிவிட்டு அடுத்த உடைக்குப் போய்விடுவார்.

படித்த தையலெல்லாம் வந்து விடிவது தையல்காரர் தலையில். அவரை மாஸ்டர் என்றுதான் கிளியக்கா அழைப்பார், ஆனால் மாணவனை நடத்துவதுபோல் நடத்துவார். கிளிச் சட்டையை முதலில் தைத்தபோது, கை மூட்டும் இடத்தில் ஒரு கிளிக்குத் தலை போய்விட்டது. பிரிக்கச் சொன்னார்.

“ஒரு கிளிக்காகவாம்மா?” என்றார் மாஸ்டர்.

“தலை இல்லாத கிளியை எண்ணறதா வேண்டாமான்னு பேஷன்ட் குழம்பிடுவார் மாஸ்டர். குழம்பினா கை ஆடும். கை ஆடினா ஊசி எங்கே போகும்?”

மாஸ்டர் பிரித்தார். அன்றிலிருந்து இவர் துணியோடு வந்தால் வேறு வேலையை எடுத்துக் கையில் வைத்துக்கொள்கிறாராம்.

வீட்டில் கணவர் சாம்பல் நிறச் சட்டை தவிர வேறு போடாதவர். “ரெண்டு பேரும் சேர்ந்து நடந்தா சராசரியா ஒரு மனுஷன் வருவான்” என்பது அவர் கணக்கு. நாத்தனார் வாய்தான் கொஞ்சம் நீளம். “ஜன்னல் திரையைக் காணோம்னா அண்ணி மேலதான் தேடணும்” என்பாள். கிளியக்கா கோபித்துக்கொள்ள மாட்டார். எலுமிச்சம்பழம் உண்மையிலேயே நாத்தனார் வீட்டுத் திரையிலிருந்து வந்ததுதான்.

நான் இருபத்து மூன்று எண்ணிய கொஞ்ச நாளில் பரிசோதனைக் கூடத்துக்குப் புது மேலாளர் வந்தார். அறைக்குள் நிற்கும் எல்லோரும் வெள்ளை மேலங்கி அணிய வேண்டும். கழுத்துப் பொத்தான் வரை போட வேண்டும், கை மணிக்கட்டு வரை இருக்க வேண்டும் என்று சுவரில் தாள் ஒட்டினார். நான் அடுத்த முறை போனபோது நாற்காலிக்கு எதிரே ஒரு வெள்ளைச் சுவர் நின்றது. அதற்கு மேலே கிளியக்காவின் முகம். எண்ண ஒன்றும் இல்லாததால் ஊசியைப் பார்த்துத் தொலைத்தேன். நான் வீரன் இல்லை. கண் விழித்தபோது என் கால்கள் ஸ்டூல் மேல் இருந்தன, கிளியக்கா கோப்பு அட்டையால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

“இந்த வாரத்துல நீங்க நாலாவது ஆள்” என்றார். குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

“மேலாளர்கிட்ட சொல்லலாமே?”

“என்னன்னு சொல்ல? தொத்து பரவக் கூடாதுன்னு சொல்றார். நியாயம்தான். அதான் எனக்குக் கோபமே.” மேசை இழுப்பறையைத் திறந்து நாலாக மடித்த தாளைக் காட்டினார். ராஜினாமாக் கடிதம். “தேதி மட்டும்தான் போடலை. பயந்த கையைப் பிடிச்சுக் குத்தற வேலை எனக்கு வேண்டாம் சார். அடுத்த தடவை நீங்க வரும்போது நான் இருக்க மாட்டேன்.”

ஒரு சட்டைக்காக வேலையை விடுவார்களா என்று வீட்டில் மனைவி கேட்டாள். சட்டைக்காக இல்லை என்று அவளுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு சாயங்காலம் பிடித்தது.

மூன்று மாதம் கழித்துக் கதவைப் பாதி திறந்து எட்டிப் பார்த்தேன். அவர் இருந்தார். அதே வெள்ளை அங்கி, கழுத்து வரை பொத்தான். முகம் மட்டும் திருட்டுப் பூனை மாதிரி இருந்தது. பட்டையை இறுக்கிவிட்டு, அங்கியின் கை நுனியை ஒரு மடிப்பு மேலே மடித்தார். உள்ளே கிளிகள்.

“எண்ணுங்க சார்.”

பழைய துணிக்கடையில் வாங்கிய பெண்கள் கோட்டு ஒன்று அவரிடம் இருந்ததாம். வெளியே வெறும் சாம்பல், உள்ளே லைனிங் முழுக்கச் சிவப்புப் பூ. “யார் கண்ணுக்கும் தெரியாம தனக்கே தனக்குன்னு போட்டுட்டுத் திரிஞ்சிருக்கா, மகராசி” என்றார். அதை மாஸ்டரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். கிளிச் சட்டையை வெட்ட மாஸ்டருக்கு மனம் வரவில்லை. கிளியக்காதான் கத்தரியை வாங்கித் தானே வெட்டியிருக்கிறார். ஒரு கிளிக்கும் தலை போகவில்லை. சாயம் இறங்குகிறதா என்று மூன்று முறை வெந்நீரில் ஊறவைத்துப் பார்த்துவிட்டுத்தான் அங்கியில் சேர்த்தார்களாம்.

“ராஜினாமா?” என்றேன்.

“காலருக்கு அளவுத்தாள் வேணும்னார் மாஸ்டர். அந்த லெட்டரைத்தான் வெட்டிக் குடுத்துட்டேன்.”

பேசிக்கொண்டிருக்கும்போதே மேலாளர் உள்ளே வந்துவிட்டார். மடித்த கையைப் பார்த்தார். சுவரில் தான் ஒட்டிய தாளைப் பார்த்தார். அதில் உட்புறம் பற்றி ஒரு வரியும் இல்லை. ஊழியர்களுக்கான வருடாந்தரப் பரிசோதனையில் அவருடைய ரத்தம் மட்டும்தான் பாக்கியாம். இரண்டு மாதமாக ஏதாவது வேலை குறுக்கே வந்துகொண்டே இருந்ததாம். அந்த வேலை என்ன என்று அவர் நெற்றி வியர்வையிலிருந்தே எனக்குத் தெரிந்தது. நான் எழுந்து இடம் கொடுத்தேன். பஞ்சை அழுத்திக்கொண்டு அங்கேயே நின்றேன்; ரத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

மேலாளர் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“கண்ணைத் திறங்க சார். இதை எண்ணுங்க” என்றார் கிளியக்கா. வேறு ஒன்றும் சொல்லிக்காட்டவில்லை.

மேலாளரின் உதடுகள் அசைந்தன. மடிப்பின் ஓரத்தில் எட்டிப் பார்த்த வால் எந்தக் கிளியுடையது என்று தலையைச் சாய்த்து ஆராய்ந்தார். குழாய் நிறைந்ததை அவர் கவனிக்கவில்லை.

“ஆறு” என்றார்.

“ஒண்ணு விட்டுட்டீங்க.”

“இல்லையே” என்று அவர் நாற்காலியிலிருந்து குனிந்து மறுபடி எண்ணினார். “ஆறுதான். எங்கே இருக்கு?”

பதினொரு வருஷமாக எனக்குக் கேட்கத் தோன்றாமல் போன கேள்வி அது. கிளியக்கா கையுறையைக் கழற்றினார். வெள்ளை அங்கியின் காலர் நுனியை இரண்டு விரலால் பிடித்து மெல்லத் திருப்பினார். அடியில், முழுசாக, ஒரே ஒரு பச்சைக் கிளி.