கையில் சர்டிஃபிகேட், தொண்டையில் போண்டா

எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. அதனால் இந்த வாரம் பீடிகை எல்லாம் கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை வல்லம் வடகால் சமுதாயக் கூடத்தில் முதலுதவிப் பயிற்சி. ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை உயிரைப் பிடித்துவைக்க உள்ளூரிலேயே ஆள் வேண்டும் இல்லையா? அதற்குத்தான். வந்தவர்கள் ஷேர் ஆட்டோ டிரைவர்கள், கடைக்காரர்கள், வாடகை ரூமில் தங்கி ஷிஃப்ட்டுக்குப் போகும் தென்மாவட்டத்துப் பையன்கள். அடியேன் சர்டிஃபிகேட் கொடுக்கப் போன சிறப்பு விருந்தினர்.

பெண் என்று பார்த்தால் செல்வி ஒருத்திதான். உள்ளூர்ப் பெண், கார் பாகம் செய்யும் கம்பெனியில் லைனில் வேலை. தொண்டையில் ஏதாவது அடைத்தால் முதுகில் தட்டுவது, அதற்கும் வராவிட்டால் பின்னால் நின்று கட்டிப்பிடித்து வயிற்றை உள்ளே அமுக்கி மேலே இழுப்பது... ஆண்கள் ஜோடி ஜோடியாகச் செய்துபார்த்தார்கள். ஒரே சிரிப்பு. செல்விக்கு ஜோடி இல்லை. "நீங்க பார்த்துக்குங்கம்மா" என்று உட்கார வைத்துவிட்டார் பயிற்சியாளர்.

எல்லாம் முடிந்து அவர் பைக்கில் கிளம்பிய பிறகு டீயும் போண்டாவும் வந்தன.

சட்டென்று செல்வி எழுந்து நின்றாள். இரண்டு கையும் கழுத்தில். இருமல் இல்லை, சத்தமும் இல்லை. முகம் கறுத்துக்கொண்டே போகிறது.

சற்றுமுன் படித்த அதே பாடம் கண்ணெதிரே நிற்கிறது. படித்தவர்கள் சுற்றி நிற்கிறார்கள் — கையில் சர்டிஃபிகேட்டோடு. ஒருவரும் தொடவில்லை!

"லேடீஸ் யாரையாச்சும் கூப்புடுங்கபா" என்றார் ஏகாம்பரம். ஷேர் ஆட்டோ ஓட்டுபவர், செல்விக்குச் சொந்தச் சித்தப்பா. எட்ட நின்று அவள் உச்சந்தலையில் தட்டுகிறார். தலையில் தட்டாதீர்கள் என்று காலையிலிருந்து தொண்டை வற்றச் சொன்னார்களே... ஒருவன் பெண்களைத் தேடித் தெருவுக்கு ஓடினான். சிறப்பு விருந்தினரோ, "தண்ணி, தண்ணி" என்று கத்திக்கொண்டிருந்தார்.

செல்வியின் கால் மடங்கியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முத்துக்குமார் வந்தான். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். "தப்பா நெனைச்சிராதிங்கக்கா" என்றான். முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினான். வரவில்லை. பின்னால் நின்று கட்டிப்பிடித்து இழுத்தான். மறுபடியும் இழுத்தான். போண்டாத் துண்டு தெறித்து விழுந்தது.

செல்வி மூச்சு இழுத்த சத்தம் இருக்கிறதே... அதைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

போண்டா யாருக்கு வேண்டுமானாலும் அடைக்கும். ஆனால் என்ன செய்யவேண்டும் என்று தெரிந்தே அத்தனை பேரும் சும்மா நின்றார்களே, மரியாதை என்ற பெயரில்! கட்டுப்போடச் சொல்லித்தந்துவிடலாம். இந்தக் கூச்சத்தை எந்த வகுப்பில் போக்குவது?

அத்தோடு விட்டார்களா? ஏகாம்பரம் முத்துக்குமாரை மடக்கினார்.

"இன்னாபா, கல்யாணம் ஆவாத பொண்ணு. இத்தினி பேரு எதுர்ல இப்டியா புடிப்ப? நாளிக்கு ஊரு இன்னா பேசும்?"

உயிரைக் காப்பாற்றியவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த செல்வி நிமிர்ந்தாள். குரல் கரகரத்தது.

"சித்தப்பா, நான் செத்துப் போயிருந்தா நாலு பேரோட சேந்து நீயுந்தானே தூக்கினு போயிருப்ப? அப்போ மட்டும் கை கூசாதா?"