தண்ணீர் பாட்டிலில் போட்ட திருநீறு

ஆம்பூர் ஷூ கம்பெனியில் என் பக்கத்து மெஷினில் தைப்பவள் செல்வி. கணவர் இறந்ததும், சாமியே இல்லை என்று கோயிலுக்குப் போவதையே விட்டாள். பிறகு செல்போனில் எதையெதையோ பார்த்துவிட்டு, "நம்மள அடக்கி வைக்க தண்ணில பொடி கலக்குறாங்கக்கா" என்று கம்பெனித் தண்ணீரைத் தொடுவதில்லை. வீட்டிலிருந்து கொண்டுவரும் பாட்டில்தான்.

அவள் மனம் தெளியட்டும் என்று அந்தப் பாட்டிலில் யாருக்கும் தெரியாமல் திருநீறு போட்டேன். அடியில் வெள்ளையாகத் தங்கியதைப் பார்த்தவள், அதைக் கொட்டிவிட்டு நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் மெஷின் மேலேயே மயங்கிச் சரிந்தாள்.

அவளுக்கு நினைவு வந்ததும் நான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன்.

"நீயாக்கா கலந்த? அப்ப நான் சொன்னது நெஜம்தான?" என்றாள்.

சாமியை நம்பாதவள் இதையெல்லாம் எப்படி நம்புகிறாள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. இப்போது அவளுக்காக வேண்டுவதைக் கோயிலிலேயே வேண்டிக்கொள்கிறேன். கம்பெனியில் என் பாட்டிலைத் திறந்து, முதலில் நான் குடித்துவிட்டு அவளிடம் நீட்டுகிறேன். சில நாள் வாங்கிக்கொள்கிறாள்.