பதிவாகாத அறை

உப்பூருக்கு மேற்கே, மிளகாய்க் காடுகளுக்கு நடுவில் இருக்கும் ஊர் முருகலட்சுமிக்கு. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அம்மா படுக்கையில் விழுந்தாள். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு காட்டுவேலை, வீட்டுவேலை என்று வருடங்கள் ஓடின. அதற்கப்புறம்தான் ராமநாதபுரத்தில் பாலிடெக்னிக்கில் சேர்ந்தாள். வெப்சைட் செய்யப் படித்தால் மதுரைப் பக்கம் ஏதாவது கம்பெனியில் ஒரு ஆரம்ப வேலையாவது கிடைக்கும் என்று அய்யா உக்கிரபாண்டியைச் சம்மதிக்க வைத்திருந்தாள். வகுப்பில் எல்லோரும் அவளைவிடச் சின்னவர்கள். அக்கா, அக்கா என்றார்கள். அந்த 'அக்கா'தான் வினையாகிப் போனது.

மிளகாய்ப் பழம் பறிக்கும் பருவத்தில் அவளால் கல்லூரிக்குப் போக முடியவில்லை. திரும்பி வந்தபோது, பக்கத்தை அழகாக அமைக்கும் பாடம் முடிந்து, அதில் ஒருவர் நிரப்பும் பெயரையும் தேதியையும் வாங்கிச் சேமித்து வைக்கும் பாடம் பாதிக்குமேல் போயிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாரிச்செல்வத்திடம் ஒருமுறை கேட்டாள். "அக்காவுக்கே தெரியலையா?" என்று அவன் சிரித்தான். விளையாட்டாகத்தான் கேட்டான். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்றோடு யாரிடமும் கேட்பதை விட்டாள்.

கடைசி வருட புராஜெக்டுக்கு ஒரு லாட்ஜ் கிடைத்தது. பாம்பனைத் தாண்டி ராமேஸ்வரம் போகும் வழியில், அக்காள்மடத்தில் மெயின் ரோட்டை ஒட்டிப் பொன்னுச்சாமி நடத்துவது. அவர் அம்மா வழியில் தூரத்து மாமா. படம் எடுக்கப் போன அன்று ரிசப்ஷனில் இருந்த சுகந்தி ஒவ்வொரு அறையாகத் திறந்துவிட்டு, கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டே கூட வந்தாள். பக்கம் நன்றாகவே வந்தது. பெயர், தேதி கொடுத்து அமுக்கினால் 'உங்கள் அறை பதிவாகிவிட்டது' என்று பச்சை எழுத்தில் வரும். அவ்வளவுதான். கொடுத்த பெயரும் தேதியும் எங்கும் போகாது.

தேர்வில் சார் அமுக்கிப் பார்த்தார். பச்சை எழுத்து வந்தது. பதிவு லாட்ஜுக்குப் போய்ச் சேருகிறதா என்று கேட்டார். சேருகிறது என்றாள். பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்றிருந்தாள். அதற்குள் பொன்னுச்சாமி பக்கத்தை இணையத்தில் ஏற்றச் சொல்லி அவசரப்படுத்தினார். மதுரையில் கம்பெனி வைத்திருக்கும் சொந்தக்காரரிடம் அவளைப் பற்றிச் சொல்வதாகவும் சொன்னார். முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஏற்றிக் கொடுத்தாள்.

ஆடி அமாவாசைக்கு முதல் நாள் காலையில் பொன்னுச்சாமி போன் செய்தார். செய்யாற்றிலிருந்து ஒரு குடும்பம் வேனில் வந்து இறங்கியிருந்தது. கணவருக்கு முதல் வருடத் திதி கொடுக்க வந்த வயதான அம்மா, மகன், மருமகள். கையில் இருந்த போனில் அந்தப் பச்சை எழுத்து. லாட்ஜில் ஒரு அறை கூடக் காலி இல்லை.

"ஏத்தா, புக்கிங் வந்தா சுகந்தி பாக்குற மெயிலுக்குத்தான வரும்?"

"ஆமா மாமா. சர்வர்ல எதுவும் கோளாறா இருக்கும்."

"கோளாறெல்லாம் இல்ல. இவ மெயிலத் தொறந்தே பாக்கல."

ஒன்றுமே வரவில்லை என்று சுகந்தி சத்தியம் செய்வது போனில் கேட்டது. இந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். முருகலட்சுமி பேசாமல் இருந்தாள். போன் வைக்கப்பட்டது.

அதற்குப் பிறகு அவளால் உட்கார முடியவில்லை. லாட்ஜில் வேலை இருக்கிறது என்று கிளம்பினாள். வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரரிடம் அய்யா, மகள் இல்லாமல் அங்கே ஒன்றும் ஓடாது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறினாள்.

பாம்பன் பாலம் வரைக்கும் வண்டிகள் வரிசையாக நின்றன. அவள் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. அந்த அம்மா லாட்ஜ் வாசலில் பையின் மேல் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். ரிசப்ஷனில் சுகந்தி இல்லை. வேலைக்கு வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்களாம்.

"மாமா, அந்தப் புக்கிங் எங்கயும் போகாது. எனக்கு அதச் செய்யத் தெரியல. பச்சை எழுத்து மட்டும் வார மாதிரி வச்சிருந்தேன். சுகந்தியக்கா மேல தப்பே இல்ல."

காலையில் ஏன் சொல்லவில்லை என்று பொன்னுச்சாமி கேட்டார். அந்த அம்மா திட்டவில்லை. "நீ செஞ்சதாம்மா இது? இத நம்பித்தான் கிளம்பி வந்தோம்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. கடைசியில் பொன்னுச்சாமி மாடியில் தான் தங்கும் அறையை ஒழித்து அவர்களுக்குக் கொடுத்தார். பைகளை முருகலட்சுமி தூக்கிப் போய் வைத்தாள்.

பிறகு சுகந்தியின் வீட்டைத் தேடிப் போனாள். சுகந்தி துணி அலசிக்கொண்டிருந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை. முருகலட்சுமி நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"அண்ணே ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசுனாரு," என்றாள் சுகந்தி. "நான் பக்கத்துலதான் நின்னேன். நீ இப்பச் சொல்லுவ, இப்பச் சொல்லுவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

அலசிய துணியை எடுத்துக்கொண்டு அவள் கொல்லைப் பக்கம் போய்விட்டாள். முருகலட்சுமி திரும்பினாள்.

சுகந்தியை மறுநாளே வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பக்கத்தை எடுத்துவிட்டார்கள், மதுரைச் சொந்தக்காரர் பேச்சை யாரும் எடுக்கவில்லை. முருகலட்சுமி கல்லூரிக்குப் போய் சாரிடம் உண்மையைச் சொன்னாள். அவர், சேமித்து வைக்கும் அந்தப் பாடம் நடக்கும்போது ஜூனியர் வகுப்பில் வந்து உட்காரச் சொன்னார். உட்கார்ந்தாள். புரியாத இடத்தில் கை தூக்கினாள். ஒவ்வொரு முறையும் காது சூடாகத்தான் செய்தது.

இப்போது ராமநாதபுரத்திலேயே, கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வெப்சைட் செய்துதரும் சின்ன ஆபீசில் வேலை பார்க்கிறாள். அய்யாவிடம் நடந்ததை இன்னும் சொல்லவில்லை. போன மாதம் பஸ் ஸ்டாண்டில் சுகந்தியைப் பார்த்தாள். நல்லா இருக்கியா, வேலை கிடைச்சிருச்சா என்று சுகந்திதான் முதலில் கேட்டாள். கிடைத்துவிட்டது என்று சொன்ன முருகலட்சுமி, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், வந்து நின்ற பஸ்ஸின் போர்டைப் படிப்பதுபோல் திரும்பிக்கொண்டாள்.