வேற்றுக் கிரகத்துக்குப் போன கரிசல் தரை

விளையாடுகிறவனுக்கு ஒரு வாரப் பொழுது, செய்கிறவனுக்கு ஆறு வருஷப் பாடு: அதுதான் வீடியோ கேம் தொழில். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே கழுத்தெலும்பைத் தேய்த்துக்கொண்ட சக ஜீவன்களே, உங்களுக்குச் சொன்னால்தான் இது புரியும்.

கோவில்பட்டியில் ஒரு பழைய தீப்பெட்டி ஆபீஸ் மாடியில் நாங்கள் பத்துப் பேர் இருக்கிறோம். கடல் கடந்த பெரிய கம்பெனி ஒன்றின் விளையாட்டுக்குப் பீப்பாய், வேலி, பாறை என்று சில்லறைச் சாமான்களைத் திரையில் செய்து அனுப்புகிறோம். இன்னும் எத்தனை ஊர்களில் எத்தனை பேர் இதே விளையாட்டுக்கு உழைக்கிறார்களோ, எங்களுக்குத் தெரியாது.

ஒரு பீப்பாய்

முதல் வேலை, துருப்பிடித்த ஒரு பீப்பாய். எனக்குப் பதினோரு நாள் ஆனது. துரு போதவில்லை என்று ஒரு தடவை, துரு அதிகம் என்று ஒரு தடவை, அடிப்பக்கத்துத் துரு சரியில்லை என்று ஒரு தடவை திரும்பி வந்தது. அடிப்பக்கத்தை யார் கவிழ்த்துப் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டேன். யாராவது ஒருவர் பார்ப்பார் என்று பதில் வந்தது. அந்த ஒருவருக்காக இவ்வளவு மெனக்கெடுகிறார்களே என்று மலைத்துப்போனேன்.

எங்கள் முதலாளி சண்முகவேல் அண்ணாச்சி தீப்பெட்டிக் குடும்பத்துக்காரர். காலையில் குச்சியாக உள்ளே போனது சாயங்காலம் பண்டலாக வெளியே வரவேண்டும் அவருக்கு. பதினோராம் நாள் என் முதுகுக்குப் பின்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். "ஏம்மா, நெசப் பீப்பாயே ஒரு நாள்ல செஞ்சிரலாம்லா?"

நாற்பது விநாடித் தெரு

ஒருநாள் அந்த விளையாட்டின் முழு நகரத்தையும் எங்களுக்குத் திறந்து காட்டினார்கள். ஜன்னலுக்கு ஜன்னல் திரைச்சீலை, கூரைக்குக் கூரை வேறு வேறு ஓடு. அதில் ஒரு தெருவின் வேலிகள் நாங்கள் செய்தவை, நாலு மாத வேலை. வாயைத் திறந்தவள் மூடவில்லை.

பக்கத்து நாற்காலி மாரியப்பன், எட்டயபுரத்துப் பக்கத்துக்காரர், கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு கதாநாயகனை அந்தத் தெருவில் ஓடவிட்டார். நாற்பது விநாடியில் தெரு முடிந்துவிட்டது. "கொஞ்சம் நடந்து போனாத்தான் என்னவாம் அவனுக்கு?"

நிழல் விழக் கூடாது

ஐந்து வருஷம் ஆனதும் செலவு கைமீறிவிட்டதென்று கம்பெனி கத்தரிக்கோலை எடுத்தது. எங்களைப் போன்ற வெளிப் பட்டறைகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். எங்களுக்கு ஒரு கடைசிப் பரீட்சை: உயிரே இல்லாத ஒரு கிரகத்தின் வறண்ட தரை, ஐந்தே நாளில். தேறாவிட்டால் மாதக் கடைசியோடு பத்துப் பேருக்கும் வேலை இல்லை.

கையால் செய்தால் மூன்று வாரம் பிடிக்கும். மாரியப்பன்தான் தன் மாமாவின் புஞ்சைக்குக் கூட்டிப்போனார். கோடையில் கரிசல் வெடித்து, கால் உள்ளே போகிற அகலத்துக்குப் பிளந்து கிடந்தது. பல பக்கமிருந்து நூற்றுக்கணக்கில் படமெடுத்தால் கம்ப்யூட்டர் அவற்றைச் சேர்த்து அப்படியே தரையாக்கிவிடும். ஆனால் நிழல் விழக் கூடாது. மேகமோ மருந்துக்குக்கூட இல்லை. பந்தல் கடையிலிருந்து வெள்ளைத் துணி வாங்கி நாலு பேர் நாலு மூலையைத் தூக்கிப் பிடிக்க, அடியில் நான் குனிந்து படமெடுத்தபடி அடியடியாக நகர்ந்தேன். வரப்பில் மண்வெட்டியோடு போன ஒரு சம்சாரி நின்று பார்த்தார். "மழைக்குச் சாமி ஊர்வலம்னு செருப்பக் கழட்டிட்டு நிக்கேன். சாமி எங்கய்யா?"

கறுப்பு உருண்டை

தரையைத் திரையில் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. பிறந்ததிலிருந்து மிதித்த மண் இத்தனை அழகா. கம்பெனியின் கலை இயக்குநர் அம்மாளும் வீடியோ காலில் தரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு வெடிப்பைப் பெரிதாக்கி, இந்தக் கறுப்பு உருண்டைகள் என்ன வகைக் கல் என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உரத்துக்காக மாமா போன வாரம் புஞ்சையில் ஆட்டுக்கிடை போட்டிருக்கிறார். இரவு முழுக்க மந்தை அடைந்த நிலம், புழுக்கை இல்லாமல் இருக்குமா? கரிசல்காரர் கண்ணுக்கு அது மண்ணோடு சேர்த்தி. எங்களில் ஒருவர் கண்ணிலும் அது தனியாகப் படவில்லை. "கல்லுன்னே சொல்லிரு" என்று அண்ணாச்சி முணுமுணுத்தார். பத்துப் பேர் பிழைப்பு என் நாக்கில் இருந்தது. பொய் வரவில்லை. ஆட்டுப் புழுக்கை என்று சொல்லிவிட்டேன்.

அழைப்பைத் துண்டித்துவிட்டார்கள். பத்து நாள் மெயில் பெட்டியையே திறந்து திறந்து பார்த்தோம். பதினோராம் நாள் கடிதம் வந்தது: தரையில் கைவைக்க மனமில்லையாம், புழுக்கை இருந்தால் பிராணியும் இருக்கத்தானே வேண்டும் என்று கதையையே மாற்றிவிட்டார்களாம். அந்தப் பிராணியை எட்டு மாதத்தில் செய்துதர வேண்டியது நாங்கள். அண்ணாச்சி இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அந்த அம்மாளையே நேரில் பார்த்ததுபோலக் கடிதத்தைக் கும்பிட்டார். "ரெண்டு வாரத்த மிச்சம் பிடிச்சுக் குடுத்தோம், இவிய எட்டு மாசம் செலவழிச்சு ஆடு வளக்காவ. பெரிய மனசு தாயி."

எத்தனை படித்தவர்கள் கூடி எத்தனை சிக்கனத் திட்டம் போட்டாலும், எங்கள் பத்துப் பேர் வேலையை நிலைக்க வைத்தது போகிறபோக்கில் ஆடு போட்டதுதான்.